நீரோர வெருகு

பழந்தமிழ்ச் செய்யுள்கள் காட்டுப்பூனையை 'வெருகு' என்னும் சொல்லால் குறிக்கின்றன. மாலைப் பொழுதில் மனைக் கோழியைக் கவர வரும் விலங்காக அது அங்கு இடம்பெறுவதுண்டு. ஆனால், கோழியை நாடாது மீனை நாடி வாழும் வெருகு ஒன்றும் உலகில் உள்ளது. தட்டைத்தலைப் பூனை எனப்படும் அவ்விலங்கு தீபகற்ப மலேசியா, தென் தாய்லாந்து, சுமத்திரா, போர்னியோ ஆகிய பகுதிகளின் தாழ்நில மழைக்காடுகளில் மட்டுமே காணப்படுகிறது. அறிவியலுலகு இதனை 1827ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துவிட்டது.

இதன் எடை ஏறத்தாழ 1.5 முதல் 2.5 கிலோகிராம் வரையே. வீட்டுப் பூனையினும் இது சிறியது. உடலமைப்பு முழுவதும் நீர்வேட்டைக்கு ஏற்றதாக உள்ளது. நெருங்கியமைந்த பெரிய கண்கள் இரையின் தொலைவைத் துல்லியமாக அளக்க உதவுகின்றன. பின்னோக்கிச் சாய்ந்த கூரிய பற்கள் வழுக்கும் மீனை நழுவவிடாமல் பற்றுகின்றன. விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. நகங்கள் உறைக்குள் முழுமையாக மறைவதில்லை. வளர்ப்பிடங்களில் இப்பூனை தலையை நீருள் அமிழ்த்தி மீன்துண்டுகளைக் கவ்வியதைக் கண்டுள்ளனர்.

இத்துணைச் சிறப்பாக நீருக்கென அமைந்த உடலே இன்று இதற்கு இடராகியுள்ளது. மலைக்காடுகள் எஞ்சியிருப்பினும் இப்பூனை அங்குக் குடியேறி வாழ இயலாது. இதற்கு வேண்டியவை ஆற்றங்கரையும் சதுப்புநிலமும் ஆகும். சமனான அந்நிலங்களே செம்பனைப் பயிருக்கும் குடியிருப்புகளுக்கும் முதலில் திருத்தப்படுகின்றன. கரிச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், மீனும் தவளையும் அருகுகின்றன. உலர்ந்த நிலம் எளிதில் தீப்பற்றுகிறது. ஆற்றில் கலக்கும் நச்சுப்பொருள்கள் மீன்வழியே பூனையின் உடலையும் சேர்கின்றன. 2008ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியது.

இதனைக் கணக்கிடுவதும் அரிது. இது பெரும்பாலும் இரவில் இயங்குவது. ஆய்வாளர்கள் தானியங்கிப் படக்கருவிகளைப் பெரும்பாலும் காட்டுத்தடங்களிலும் மேட்டுநிலப் பாதைகளிலும் பொருத்துகின்றனர். இப்பூனையோ நீர்விளிம்பில் நடமாடுகிறது. எனவே, படத்தில் பதிவாகாமையை வைத்தே அவ்விடத்தில் இப்பூனை இல்லை எனத் துணிதல் பொருந்தாது. சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றில் இரவுப் படகில் செல்வோர் சிலர் இதனைக் கரையோரத்தில் கண்டுள்ளனர்.

வேட்டையைத் தடுக்கும் சட்டம் இன்றியமையாதது. எனினும், அது மட்டும் இவ்வெருகைக் காக்கப் போதாது. தோட்டங்களின் ஊடே ஓடும் ஆற்றின் இருகரையிலும் இயற்கை மரங்களை வெட்டாது விடுதல் வேண்டும். சதுப்பின் நீரை வடிக்காதிருத்தல் வேண்டும். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தோன்றும் அக்கரைக்காடே இதன் வேட்டைக்களமும் உறைவிடமும் ஆகும்.