தொழுகையாளிக்கும் கேடா?

ஓதற்பள்ளியில் சேரும் சிறுவர்கள் தொடக்கத்திலேயே மனனம் செய்யும் சூராக்களுள் ஒன்று 'அல் மாஊன்'. திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம். 7 வசனங்களே கொண்டது. சுருக்கமானது என்பதனாலேயே நம்மில் பலர் அதனைத் தொழுகையில் விரும்பி ஓதுகிறோம். பொருளைச் சற்று நின்று எண்ணினால் விரைந்தோதும் நாவு தயங்கும். தொழுவோருக்கே அதில் கேடு உரைக்கப்படுகிறது.

தொழாதவனை எச்சரிப்பதில் வியப்பில்லை. தொழுபவனை ஏன் எச்சரிக்க வேண்டும்?

அத்தியாயம் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன் யார் என்னும் வினாவே அதன் தொடக்கம். ஈமான் உள்ளத்தில் மறைந்திருப்பது. அதன் மறுப்பும் அவ்வாறே. ஆயினும் இறைவன் அங்கே காட்டும் அடையாளம் கண்ணுக்குத் தெரிவது. அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், அவனே அந்த மறுப்பாளன் என்கிறது திருமறை. அவன் நாவினால் எதனை மொழிகின்றான் என்று அங்கே கேட்கப்படவேயில்லை.

அதன் பின்னரே தொழுகையாளிகளின் பக்கம் பேச்சுத் திரும்புகிறது. தொழுகையில் அசட்டையாக இருப்போர், பிறர் காண வேண்டித் தொழுவோர், அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்போர் ஆகியோரை அது சுட்டுகிறது. இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். தக்பீர் கட்டிய பிறகு கடைக் கணக்கும், அடுப்பில் வைத்த பாலும் நினைவுக்கு வருகின்றனவே, நாமும் அவர்களுள் சேர்ந்தவர்களா? இதனை எழுதுபவனுக்கும் அவ்வச்சம் உண்டு. முற்கால விரிவுரையாளர்கள் இதற்கு ஆறுதல் கூறியுள்ளார்கள். மூலத்தில் இருப்பது தொழுகைக்குள் நேரும் மறதியன்று. தொழுகையைக் குறித்தே காட்டும் அசட்டை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு, தோழர்கள் நினைவூட்டிய பின் எஞ்சியதை நிறைவு செய்து, மறதிக்குரிய ஸஜ்தாவும் செய்தார்கள்.

ஆனால் முகஸ்துதிக்கு இந்தச் சலுகை இல்லை. ஒருவர் பார்க்கிறார் என்று அறிந்து தொழுகையை அழகுபடுத்துவதை மறைவான இணைவைப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சிலை வணக்கத்தை விட்டு விலகியவனும் இதில் விழுந்துவிட முடியும்.

இனி, அத்தியாயத்திற்குப் பெயர் தந்த இறுதிச் சொல்லுக்கு வருவோம். 'மாஊன்' என்பது என்ன? ஜகாத் என்று அலி (ரலி) அவர்கள் பொருள் கூறினார்கள். மக்கள் தமக்குள் இரவல் கொடுத்து வாங்கும் கோடரி, சட்டி, வாளி போன்றவை என்றார்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள். இவ்விரண்டையும் இக்ரிமா (ரஹ்) அவர்கள் இணைத்துக் காட்டினார்கள்: அதன் உச்சம் ஜகாத், அதன் அடிமட்டம் சல்லடையும், வாளியும், ஊசியும்.

ஊசி! தாய்மார்களே, இச்சொல்லை மறந்துவிடாதீர்கள். ளுஹர் தொழுது, முஸல்லாவை மடித்து வைத்து, தஸ்பீஹும் முடித்த வேளையில் அடுத்த வீட்டுச் சிறுமி வந்து சல்லடை கேட்கிறாள். வீட்டில் இருந்தும் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டால், சற்று முன் ஓதிய சூராவில் நாம் யாரைப் பற்றி ஓதினோம்?

இதனைக் கேட்டு வேறொரு சாரார் மகிழ்ந்துவிடவும் கூடாது. உள்ளம் நன்றாயிருந்தால் போதும், அண்டை அயலாருக்கு உதவுகிறேன், தொழுகை எதற்கு என்பார் உளர். அதே அத்தியாயத்தில் தொழுகையாளிகளின் குற்றங்களுள் தொழுகையை அசட்டை செய்வதுதான் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. சல்லடையைக் கொடுத்தவர் தொழுகைக் கடனிலிருந்து விடுபட்டார் என்று எந்த இமாமும் தீர்ப்பளித்ததில்லை.

வளைகுடா நாட்டில் பணிபுரிந்து திரும்பியவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள அரபியர் தம் பேச்சில் சமையலறைச் சட்டி பானைகளை இன்றும் 'மாஊன்' என்ற இச்சொல்லாலேயே வழங்குகிறார்கள்.