மகன் வீட்டில் இருந்த கடிதங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதிய கடிதங்கள் இப்போது எங்கே இருக்கும்? உங்களிடம் இருக்காது. வாங்கியவர் வீட்டுப் பரணில்தான் இருக்கும். பெரிய மனிதர்களின் கடிதங்களைத் தேடும் நூலகங்கள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வீட்டுக் கதவைத் தட்டுவது இதனால்தான்.

அமெரிக்க வக்கீல் கிளாரன்ஸ் டாரோவைப் பார்ப்போம். 1857இல் ஒஹையோவில் பிறந்தவர். பரிணாமக் கொள்கையைக் கற்பித்தார் என்று 1925இல் டென்னசியில் வழக்குக்கு ஆளான ஆசிரியர் ஸ்கோப்ஸுக்காக வாதாடியவர். கோர்ட்டில் அவர் பேசியது அப்போதே அச்சேறிவிட்டது. மகன் பாலுக்கு எழுதியது குடும்பத்தோடு தங்கிவிட்டது.

பால், கொலராடோவின் கிரீலி ஊரில் எரிவாயு ஆலை நடத்தினார். அதில் அப்பாவின் பணமும் இருந்தது. 1920களின் கடைசியில் ஆலையை விற்றார்கள். பணம் பங்குகளுக்குப் போனது. 1929 சரிவில் கரைந்தது. இனி 1932க்கு வாருங்கள். டெட்ராயிட்டில் கறுப்பின டாக்டர் ஒசியன் ஸ்வீட்டுக்காக நின்ற அதே டாரோ, 74 வயதில் ஹொனலுலுவுக்குக் கப்பலேறி, ஹவாய் இளைஞர் ஒருவரைக் கொன்ற வெள்ளையர் தரப்புக்கு வக்கீலானார். ஏன்? பணமுடையும் ஒரு காரணம் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். கோர்ட் ஆவணத்தில் இது பதிவாகாது. வீட்டு வரவுசெலவு பேசும் கடிதத்தில்தான் பிடிபடும். ஒரு வக்கீலை முழுதாக அறிய அவருடைய வாதங்களைவிடக் குடும்பக் கடிதங்களையே நான் நம்புவேன்.

சரி, கடிதங்களோடு சேர்ந்து வரும், பயணத்தில் சேர்த்த ஓட்டல் லேபிள், கப்பல் சாப்பாட்டு அட்டை, படத் தபால் அட்டை இவையெல்லாம் நூலகத்துக்கு எதற்கு? வீட்டாருக்கு எழுதுகிறவர்கள் பல நேரம் தேதி போடுவதில்லை. ‘செவ்வாய்க்கிழமை’ என்பதோடு சரி. கப்பலின் உணவு அட்டையில் நாள் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே கட்டுக்குள் இருந்தால், அந்தச் செவ்வாய் எந்த ஆண்டின் செவ்வாய் என்று கணக்கிட்டுவிடலாம். ஆகவே வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பாளர்களின் முதல் விதி. துருப்பிடித்த குண்டூசியை மெல்லக் கழற்றி, அமிலமில்லாத உறையில் தாளை வைப்பார்கள். ஒட்டு ஆல்பமாக இருந்தால் பிய்க்க மாட்டார்கள். பக்கத்தை அப்படியே படமெடுப்பார்கள்.

டாரோ குடும்பத்தின் ஒட்டு ஆல்பங்கள் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகச் சட்ட நூலகம், அவர் எழுதிய கடிதங்களையும் அவருக்கு வந்தவற்றையும் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. கடிதப் பெட்டியை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தாலும், அதற்குள் பிறர் எழுதியவற்றின் பதிப்புரிமை நூலகத்துக்குப் போய்விடாது. அமெரிக்கச் சட்டப்படி, அச்சேறாத கடிதங்களுக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டு அந்த உரிமை நீடிக்கும். டாரோ இறந்தது 1938இல். அந்தக் கணக்கில் அவர் கடிதங்களுக்கு 2008 முடிவோடு தீர்ந்தது. அவருக்கு எழுதிய ஒவ்வொருவருக்கும் கணக்குத் தனி.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் கடிதக் கட்டு இருந்தால், முக்கியமானது எது என்று நீங்களே பொறுக்கி மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள்; பிறகு பிரிக்க முடியாது. கட்டியபடியே ஒரு நல்ல நூலகத்தில், எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தோடு கொடுங்கள்.