தாம்புக்கயிறும் எட்டு முடிச்சும்

"குகைக்குள் கயிற்றில் இறங்குவதா? நமக்கெதுக்கம்மா அந்த வம்பு!" என்கிறீர்களா? காரிமங்கலம் பக்கம் வயற்காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைப் பார்த்ததில்லையா, சகோதரிகளே? அவையும் செங்குத்துக் குகைகள் மாதிரிதான்!

மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் கயிறு கட்டி இறங்குகிறார்கள். அந்த வித்தையைப் புதிதாகக் கற்பவர்களை எடுத்த எடுப்பில் பள்ளத்தில் விடுவதில்லை. முதல் பாடம் தரையிலேயே, அதுவும் முடிச்சுப் போடுவதில்தான்!

"வாளிக்குக் கயிறு கட்டத் தெரியாதவளா நான்?" என்பீர்கள். வாளிக்குப் போடுகிற சுருக்கு, இழுக்க இழுக்க இறுகும். அதையே மனிதர் மார்பில் மாட்டினால் மூச்சு முட்டிவிடும். அவர்கள் போடும் எட்டு முடிச்சின் வளையமோ சுருங்காது.

செய்முறை இதோ: நைந்து போகாத கயிற்றின் நுனியை மூன்று முழம் இரட்டையாக மடியுங்கள். இரட்டைக் கயிற்றால் ஒரு கண் போட்டு, மடிப்பு முனையைக் கயிற்றின் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கண்ணுக்குள் நுழைத்து இறுக்குங்கள். முடிச்சு '8' போல இருந்தால் சரி. நுனியில் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும்.

யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். கூவி ஆட்களைக் கூப்பிடுங்கள், 112-க்குச் சொல்லுங்கள். மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டு வளையத்தை இறக்குங்கள். விழுந்தவர் அதை அக்குளுக்கடியில் மாட்டிக்கொண்டால், ஆள் வரும்வரை மூழ்காமல் இருக்கலாம்.

சின்னஞ்சிறு குழந்தைக்கு இது முடியாதே! அதற்குக் கிணற்றைச் சுற்றிச் சுவரும் மேலே மூடியும்தான் காவல். இன்று மாலையே பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.