பெருந்தெருவிலிருந்து லயம் வரை

கொழும்பில் மாலையிலே தபாலிற் சேர்த்த ஒரு கடிதம், இரவு அஞ்சல் வண்டியில் ஏற்றப்பட்டால், விடியுமுன் ஹற்றன் நிலையத்தில் இறங்கிவிடும் என்பதை மலைநாட்டார் தலைமுறை தலைமுறையாக அறிவர். புகையிரதப் பாதையில் அது ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம். அதனைக் கடக்க ஓரிரவு போதும். ஆனால் அதே கடிதம் ஹற்றன் கடைவீதியிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கிலுள்ள லயத்துக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டால், விடை கூறுதல் எளிதன்று. சில சமயம் ஒரு நாள். சில சமயம் ஒரு வாரம். சில சமயம் அது போய்ச் சேருவதேயில்லை. நூறு மைலை ஓரிரவிற் கடந்த கடிதம் நாலு மைலில் ஏன் தடுமாறுகின்றது என்பதை நேயர்கள் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலாவதாக, அந்த நாலு மைல் பாதை யாருக்காக வெட்டப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்கள் காடழித்து உண்டாக்கப்பட்டபோது, மூட்டைகளைப் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளும் சுமந்தன. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கொந்தறைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். பின்னர் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் இருப்புப்பாதை சென்றது. தோட்டத்துரைமார் தம் பாதைகளை நிலையத்தை நோக்கியும் பெருந்தெருவை நோக்கியும் வெட்டினர். ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டி வெளியே போகவும், அரிசியும் உரமும் உள்ளே வரவும், துரையின் பங்களாவுக்கு வண்டி ஏறவும் அப்பாதை போதுமாயிருந்தது. லயங்களுக்கோ ஒற்றையடிப் பாதையே வாய்த்தது. அதுவும் பெரும்பாலும் லயத்திலிருந்து மலைக்கும் பெரட்டுக் களத்துக்கும் செல்வதாய் அமைந்ததேயன்றி, பெருந்தெருவுக்குச் செல்வதாய் அமையவில்லை. தொழிலாளி வேலைக்குப் போகவேண்டும் என்று எண்ணினார்கள். அவனைத் தேடி ஒருவர் வரக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை.

இத்தகைய இடத்தில் கடிதங்களைக் கொண்டு சேர்த்தவர் தப்பாற்காரர். நாட்டின் மற்றைய பகுதிகளில் தபாற்காரர் அரசாங்க ஊழியர். துவிச்சக்கர வண்டியிலேறி வீடுதேடி வருபவர். தோட்டத்துத் தப்பாற்காரரோ தோட்டத்தின் ஆள். தோல் அல்லது கித்தான் பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிற் புறப்பட்டு, கடைவீதியிலுள்ள தபாற்கந்தோருக்கு நடந்து சென்று, தோட்டத்துக்குரிய கடிதங்கள் யாவற்றையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு, மீண்டும் மலையேறித் தோட்டக் கந்தோரில் ஒப்புவிப்பது அவர் கடமை. கடும் மழையிலும் பனியிலும் குடைச்சீலையைப் பையின்மேற் போர்த்துத் தாம் நனைந்து வந்த அம்மனிதர்களின் உழைப்பு இலங்கைத் தபாற் சரித்திரத்தில் ஒரு பக்கம் பெறத்தக்கது. அவர் கொணர்ந்த துரையின் கடிதமும் பத்திரிகையும் அன்றே பங்களா மேசைக்குப் போய்விடும்.

தொழிலாளியின் கடிதத்துக்கு அங்கேதான் இரண்டாவது பயணம் தொடங்குகின்றது. தபாற் பகுதியைப் பொறுத்தவரை கடிதம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதன் கடமை முடிந்தது. பெயருக்குரியவரின் கைக்கு அது எட்டவேண்டுமே என்ற பொறுப்பு இப்போது சட்டப்படி எவருக்கும் இல்லை. கிளாக்கர் ஐயா பிரித்து அடுக்குவார். கங்காணி வந்தால் கங்காணியிடம் கொடுப்பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எவரேனும் அகப்பட்டால் அவரிடம் கொடுப்பார். பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு. இவர்களில் எவரும் தீயவர் அல்லர். ஆயினும் நாலு கை மாறும் கடிதம் ஒரு கையில் தங்கிவிடுதல் இயல்பு. சட்டைப்பையில் மடித்து வைத்த கடிதம் சட்டை வெளுக்கும் நாளில் வெளிப்பட்ட கதைகள் மலைநாட்டில் ஏராளம்.

இனிப் பெயரும் முகவரியும். மேற்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு என ஒரு தோட்டம் பல பிரிவுகளாய் இருக்கும். ஒவ்வொரு கணக்கிலும் பல லயங்கள். ஒவ்வொரு லயத்திலும் பல காம்பராக்கள். ஆனால் கடித உறையில் இருப்பதோ பெயரும் தோட்டத்தின் பெயரும் மாத்திரமே. ஒரே தோட்டத்தில் ராமசாமிகள் ஐவரும் லெட்சுமிகள் எண்மரும் வாழ்தல் கூடும். "எந்த ராமசாமி?" என்று கேட்கும் இடத்திலே கடிதம் ஒரு நாள் தங்கும். யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலியும் படலையும் உண்டு. கொழும்பு வீட்டுக்குத் தெருப்பெயரும் இலக்கமும் உண்டு. இருநூறாண்டு வாழ்ந்த லயத்துக்குத் தனக்கென ஓர் இலக்கம் இல்லாமற் போனது வீட்டின் குறைபாடு அன்று. அங்கு வாழ்பவரைத் தோட்டத்தின் உடைமைபோலக் கருதிய பழைய வழக்கத்தின் எச்சமே.

கடிதம் சுணங்குவதால் விளையும் கேடு யாது? ஊரிலிருந்து வரும் நலவிசாரிப்பு ஒரு வாரம் பிந்தினால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதத்துக்கு நாளும் மணியும் உண்டு. பாடசாலை மூலமன்றித் தனியாய்ப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவரின் அனுமதி அட்டை நெடுங்காலம் தபாலிலேயே வந்தது. உபகாரச் சம்பளக் கடிதம், ஆசிரிய நியமனக் கடிதம், நீதிமன்ற அழைப்பு, வைத்தியசாலைக் கிளினிக் அறிவித்தல் ஆகிய யாவும் இவ்வகையினவே. குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரம் சித்தியெய்திய ஒரு பெண்பிள்ளைக்கு வந்த அழைப்பு, நாள் கடந்தபின் கந்தோர் மேசை இழுப்பறையிற் கிடைத்தால், அந்தப் பிள்ளை அடுத்த காலை கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகவேண்டியதே. அவள் தகுதியற்றவளாய் ஒதுக்கப்பட்டாள் அல்லள்; வரவில்லை என்று எழுதப்பட்டாள்.

பதிவுத் தபாலும் காசுக்கட்டளையும் வேறொரு தொல்லை தருவன. அவற்றைப் பெறுபவர் தாமே கையொப்பமிடல் வேண்டும். அதற்காகக் கடைவீதிக்கு இறங்கினால் அன்றைய வேலை போயிற்று, அரைப்பேராவது குறையும். கொழும்புக் கடையில் வேலைசெய்யும் மகன் அனுப்பிய சிறு தொகையில் ஒரு பங்கை அதனைப் பெறப்போன நாளே விழுங்கிவிடும்.

தூரத்து வீட்டுக்குக் கடிதம் சேர்ப்பது எங்ஙனம் என்பது உலகில் வேறு நாட்டாரும் எதிர்நோக்கிய வினாவே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கமக்காரர் வீடுகள் பெருந்தெருவிலிருந்து விலகி நீண்ட மண்பாதைகளின் முடிவில் இருந்தன. அவர்கள் தம் கடிதத்துக்காகத் தபாற்கந்தோருக்கு வண்டிகட்டிச் சென்றனர். 1896ஆம் ஆண்டு ஒக்தோபர் 1ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் கிராமங்களுக்கு இலவசமாகத் தபால் விநியோகிக்கும் முறை தொடங்கியது. தபாற்காரர் ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் ஏறிச் செல்லவில்லை. பொதுத்தெருவும் வீட்டுப்பாதையும் சந்திக்கும் இடத்தில் வீட்டுக்காரர் ஒரு பெட்டி வைத்தனர். ஆரம்பத்தில் பன்றிக்கொழுப்பு வந்த தகர வாளியும் சவர்க்காரப் பெட்டியுங்கூட அதற்கு உதவின. பாதிவழி அரசாங்கம் வந்தது. மீதிவழி வீட்டார் நடந்தனர். அன்றியும், ஆண்டு முழுவதும் வண்டி செல்லத்தக்க தெரு இருந்தாலே தபால் வரும் என்று தபாற் பகுதி விதித்தமையால், ஊரவர் நெருக்கப் பல தெருக்கள் திருத்தப்பட்டன. 1913இல் பொதித் தபாலும் அம்முறையிற் சேர்ந்தது.

அதே விதியை மலைநாட்டில் வைத்தால் பயன் வேறாகும் என்பதைக் கவனித்தல் வேண்டும். அமெரிக்கக் கமக்காரன் தன் நிலத்துக்குச் சொந்தக்காரன். தெருவைத் திருத்தும்படி தான் வாக்களித்த சபையை வற்புறுத்த வல்லவன். தோட்டப் பாதையோ தோட்டத்துக்குரியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் முகாமைக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின்னும் இந்நிலை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப்புறத்துக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. வாக்கு உண்டு, வரி உண்டு, பாதை மாத்திரம் இல்லை என்ற விந்தை அதுவரை நீடித்தது.

சட்டம் திருந்தினாலும் பாதை தானே திருந்திவிடாது. மலைப்பாதைக்குச் சக்கரத்தினும் பெரிய பகை தண்ணீர். பாதையோரக் கான் குப்பையால் அடைபட்டால் மழைநீர் பாதைமேலேறி ஓடும், மண் அரிக்கப்படும், கல் மேலெழும், அடுத்த மழையில் ஒரு பக்கம் சரியும். பழைய தோட்டத்தில் கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். அவ்வேலை குறைந்த இடங்களில் முச்சக்கர வண்டிக்காரர் சந்தியிலேயே நிறுத்திவிடுகின்றார். இக்காலத்தில் கொழும்புக் கடைகளுக்குத் தொலைபேசியிற் சொல்லிப் பொருள் வருவிப்போர் லயங்களிலும் உளர். பொதி கொணரும் வண்டியும் அதே சந்தியில் நின்று, தொலைபேசியில் அழைக்கின்றது. பள்ளத்திலுள்ள லயத்தில் அழைப்பு எடுபடாவிட்டால் பொதி கடைக்காரரிடம் தங்கும். அல்லது வந்த வழியே திரும்பும். 2016இல் தொடங்கிய 1990 இலவச நோயாளர் வண்டிக்கும் வழி சொல்ல வேண்டியிருப்பது அந்த இலக்கமற்ற லயத்துக்கே. பொதி நாளை வரலாம், நோயாளி காத்திருப்பாரா?

பாதை முழுவதும் செப்பனிடப்படும்வரை கடிதம் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்குக்குள் வண்டி செல்லும் கடைசி இடத்தில், லயத்துக்கொரு பெட்டியாகப் பூட்டுள்ள பெட்டிகளை வரிசையாய் நிறுத்தலாம். அதற்கு வேண்டியவை சிறிது தகரமும் மரமும் ஒரு கூரையுமே. தபாற்காரர் அவ்வளவு தூரம் வந்தாற் போதும். திறவுகோல் லயத்தவர் தெரிந்தெடுத்த ஒருவரிடம் இருக்கலாம். ஆனால் பெட்டிக்கு முன்னர் இலக்கம் வேண்டும். லயத்துக்கு ஓரிலக்கம், காம்பராவுக்கு ஓரிலக்கம், அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் எழுந்த தனிவீடுகளுக்கும் இலக்கம். அவை சுவரிலும் தோட்டப் பதிவேட்டிலும் தபாற்கந்தோர் ஏட்டிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

அதுவரையில் கடிதம் எழுதுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உறையின்மேல் பெயரோடு தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் எழுதுக, அடுத்த வரியில் லயமும் காம்பராவும், அதன்கீழ் கணக்கின் பெயர், பின் தோட்டம், பின் தபாற்கந்தோரும் அதன் ஐந்திலக்கக் குறியீடும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழ்ப்பெயர் ஒன்றுமாக இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுதல் நலம். புதிதாய் மாற்றலாகி வந்த தபாலதிபருக்குத் தமிழ்ப்பெயர் தெரியாதிருக்கலாம், கங்காணிக்கு ஆங்கிலப் பெயர் தெரியாதிருக்கலாம். எழுத்து மழையிற் கரையாத மையால் இருத்தல் வேண்டும். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றோடு சாரல் அடிக்கும். ஆதலால் அங்கே பெட்டி வைப்போர் அதன் வாயை வடகிழக்கு நோக்கி வைப்பார்களாக.