டீக்கடை டிக்காஷன் பிஸ்கட்டுக்குள் போவது எப்படி?

தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் விடியற்காலையில் நடந்தால், டீக்கடை கண்ணில் படும் முன்பே மூக்கில் பட்டுவிடும். துணிப் பையில் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மாஸ்டர் இறக்கும் கறுப்பு டிக்காஷனின் மணம் அது. இதே சங்கதி 'பிளாக் டீ எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயரில் ஐஸ்டு டீ பவுடர், குக்கீஸ், ஐஸ்க்ரீம், சாக்லேட் பாக்கெட்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏதோ கெமிக்கல் என்று பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது தண்ணீரை எடுத்துவிட்ட டிக்காஷன்தான்.

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மலையேறினால் வரும் மூணாறில், 1960-களிலேயே டாடா நிறுவனம் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஃபின்லேயுடன் சேர்ந்து இன்ஸ்டன்ட் டீ ஆலையைத் தொடங்கியது. நாம் சூடாக டீ குடித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் பக்கத்து மலையின் டீ பொடியாகி, ஐஸ்டு டீ குடிக்கும் அமெரிக்கர்களுக்குப் போனது!

மணத்தைப் பிடித்து வைக்கிறார்கள்

டிக்காஷனைச் சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும்? நிறமும் துவர்ப்பும் தங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். தெருமுனை வரை மணக்கிறது என்றால், அந்த மணம் கிளாஸை விட்டுப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஆலைகளில் இந்த வாசனை ஆவியை முதலிலேயே தனியாகப் பிடித்துக் குளிரவைத்துக்கொள்கிறார்கள். பிறகு டிக்காஷனைக் கெட்டியாக்கி, வாசனையைத் திரும்பச் சேர்க்கிறார்கள். பொடி வேண்டுமென்றால், சூடான காற்றில் சாரலாகத் தெளித்தால் நீர் பறந்து தூளாக விழும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்ட்ராங் டிக்காஷனை ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிப்போகும், கவனித்திருக்கிறீர்களா? கெட்டுப்போகவில்லை. டீயில் இருக்கும் காஃபினும் துவர்ப்புச் சத்துகளும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூடாக்கினால் தெளிந்துவிடும். பாட்டில் டீ கண்ணாடி போலத் தெரிவதற்காக ஆலைகள் இந்தக் கலங்கலை வடிகட்டியோ, என்சைம் சேர்த்தோ நீக்குகின்றன.

சென்னாவில் டீ போடலாமா?

நம் வீடுகளிலும் டீ சமையலுக்குள் வந்துவிட்டது. கொண்டைக்கடலையை டீ பேக் போட்டு வேகவைத்தால், வட இந்திய சென்னா மசாலாவின் அந்தக் கரும்பழுப்பு நிறம் கிடைக்கும். ரெசிப்பி வீடியோக்களில் இதைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். யாரும் இரும்புச்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

கடலை, கீரை போன்ற தாவர உணவுகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை டீயின் பாலிஃபீனால்கள் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணியோ, ரத்தசோகை உள்ளவரோ இருந்தால், நிறத்துக்காக டீ பேக் தேவையா என்று யோசியுங்கள். எலுமிச்சை பிழிந்துகொண்டால் வைட்டமின் சி ஓரளவு கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் நம் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

இனிப்புகளுக்கு டீ நன்றாகவே பொருந்தும். சூடான பாலில் தூளை ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, அந்தப் பாலில் கேக்கோ குல்ஃபியோ செய்து பாருங்கள். பால் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் மணம் மட்டும் தூக்கலாக நிற்கும். இதற்கு டஸ்ட் டீயை விட, நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை நல்லது. அதிக நேரம் கொதிக்கவிட்டால் கசப்புதான் மிஞ்சும்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

மூலப்பொருள் பட்டியலில் அதிக எடை உள்ளதுதான் முதலில் வரும். ஐஸ்டு டீ பவுடரில் சர்க்கரை முதலில் இருந்து, டீ எக்ஸ்ட்ராக்ட் கடைசிப் பக்கம் இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரைக்குத்தான். தனியாக நீக்கியிருந்தால் ஒழிய, காஃபினும் அதில் இருக்கும். ஒரு கப் டீயிலேயே சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் உண்டு. குழந்தைகளுக்கு மாலையில் 'ஜூஸ் மாதிரிதானே' என்று ஐஸ்டு டீ கொடுத்துவிட்டு, ராத்திரி தூங்கவில்லை என்று அதட்டக் கூடாது.

வீட்டில் டிக்காஷன் இறக்குபவர்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஃபில்டர் பேப்பரில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளை எடுத்துவிட்டு, பேப்பரைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பும் பழுப்புமாகக் கறை நின்றால், தூளில் சாயம் கலந்திருக்கிறது. அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போடாமல், பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.