பலூனை எடுத்த பிறகு

கத்தி படாமல் எடையைக் குறைக்கும் சிகிச்சைகளில் ஒன்று இரைப்பை பலூன். சிலிக்கோன் பை ஒன்றை எண்டோஸ்கோப்பி வழியாக வயிற்றுக்குள் இறக்கி, 400 முதல் 700 மில்லி உப்புநீரால் நிரப்புகிறார்கள். சோற்றுக்கு இடம் குறைகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, பசி அடங்குகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் பலூனை எடுத்துவிட வேண்டும். அதற்குள் சராசரியாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும். நூறு கிலோ இருப்பவர் தொண்ணூறுக்கு வருவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது பெரிய பலன்தான். ஆனால் இந்தச் சிகிச்சையை எடைபோட வேண்டியது பலூனை எடுத்த பிறகு, ஏழாம் மாதத்தில் என்பேன்.

ஏன் என்பதற்கு ஓர் உவமை: மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணி மலையடிவாரத்துக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போனது. ரோப்வே போய்விட்டது, மலை அப்படியே நிற்கிறது. பலூன் போன பிறகு உடம்பும் அப்படித்தான். உணவைக் கடுமையாகக் குறைத்து மெலிந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஓராண்டு கழித்தும் கூடுதலாகவே இருந்ததை 2011இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு காட்டியது. இழந்த எடையை மீட்க உடம்பு விடாமல் முயல்கிறது. பலூன் தருவது ஆறு மாத அவகாசம். அதற்குள் சாப்பாடும் நடையும் தூக்கமும் மாறிப் பழகாவிட்டால், போன எடை திரும்பிவிடும்.

குரங்கணி போல ஏலக்காட்டில் ஏறி இறங்கி உழைக்கும் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 30.9. சில ஆண்டுகளில் இத்தனை பேருக்குச் சோம்பல் வந்துவிடவில்லை. வேலையும் உணவும் மாறியிருக்கின்றன. ஆகவே சிகிச்சை தேடுபவரை யாரும் பழிக்க வேண்டாம்.

அறுவை இல்லையே, ஆபத்தும் இல்லை என்பது அடுத்த வாதம். முதல் சில நாட்கள் குமட்டலும் வாந்தியும் பலரைப் படுக்கையில் தள்ளும். அரிதாக உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது; 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. பலூன் கசிந்தால் தெரியட்டும் என்று உப்புநீரில் நீலச்சாயம் கலப்பார்கள். கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். நகரத்தில் இருப்பவர் உடனே மருத்துவமனைக்கு ஓடலாம். குரங்கணிக்காரர் மலையிறங்கிப் போடிக்கு வந்து, எண்டோஸ்கோப்பி வசதி இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

அதனால் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: பலூனை எடுத்தபின் ஓராண்டு என்னை யார் பார்ப்பார்கள்? அதற்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் சிகிச்சை வேண்டாம். அரசுக்கும் இதில் வேலை உண்டு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்த மாத்திரைகளோடு ஓர் எடைக்கருவியும், உணவைப் பற்றி உட்கார்ந்து பேச அரைமணி நேரமும் சேரட்டும். பலூன் போட்டவருக்கும் போடாதவருக்கும் அது உதவும்.