கோட்டின் மேல் நிற்கும் இடங்களுக்கு என்ன பெயர்?

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் கம்பளையில் ரயில் ஏறுவேன். நாவலப்பிட்டி, இங்குருஓயா, கலபொட தாண்டினால் எங்கள் ஊர் வட்டவளை. இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் நான் கண்டி மாவட்டத்தை விட்டு நுவரெலியா மாவட்டத்துக்குள் நுழைகிறேன். எந்த வளைவில் என்று ரயிலில் இருந்து கண்டுபிடிக்க இன்றுவரை முடியவில்லை. தேயிலை அதே தேயிலை. மழைதான் கொஞ்சம் கூடும். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஊர் எங்களுடையது. புவியியல் புத்தகத்தில் எங்கள் பெயர் வருவதும் அந்த மழைக்காகத்தான்.

இந்த எல்லை விடயம் என் மண்டைக்குள் புகுந்தது ஒரு சண்டையால். வகுப்பில் இலங்கைப் படம் குறிக்கும்போது, சிவனொளிபாதமலைக்குப் பக்கத்தில் “மத்திய மாகாணம்” என்று எழுதினேன். இரத்தினபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி விடவில்லை. “எங்கட மலையை எப்பிடி உங்கட மாகாணத்தில எழுதுவீங்க?” என்று கேட்டாள். நாங்கள் நல்லதண்ணியிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் பலாபத்தல பக்கமிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். படத்தை விரித்துப் பார்த்தோம். 2243 மீற்றர் உயரமான அந்த மலை, நுவரெலியா மாவட்டமும் இரத்தினபுரி மாவட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில், கோட்டின் மேலேயே நின்றது. இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் பிழை.

அப்படியானால் எல்லையில் நிற்கும் ஒரு பகுதிக்கு வரைபடக்காரர்கள் எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

முதலில் தாளின் பெயரைப் பார்ப்போம். நாங்கள் உயர்தரத்தில் படிக்கும் 1:50,000 இடவிளக்கப் படங்களை நில அளவைத் திணைக்களம் 92 தாள்களாகப் பிரித்திருக்கிறது. ஒரு தாளில் 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர் நிலம் அடங்கும். இந்தச் செவ்வகக் கட்டங்கள் மாகாணத்தையும் மாவட்டத்தையும் பார்த்து வெட்டப்பட்டவை அல்ல; கத்தரிக்கோல் நேராகப் போகிறது, ஆறும் மலையும் எல்லையும் அதன் குறுக்கே வருகின்றன. ஆனால் தாளை எடுத்துக் கொடுக்க ஒரு பெயர் வேண்டுமே. அதனால் இலக்கத்தோடு, அதற்குள் விழுந்த பேர்போன ஊர் ஒன்றின் பெயரையும் வைத்துவிடுவார்கள். அந்த ஊர் கோட்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கத்து மக்கள் பக்கத்து மாவட்ட ஊரின் பெயரில் அச்சாகிவிடுவார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். தாளின் பெயர் அலுமாரியில் தேடி எடுப்பதற்கு மட்டுமே.

இயற்கைப் பகுதிகளுக்கு வைக்கும் பெயர் அப்படியல்ல. அது மனதில் ஒட்டிக்கொள்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் கண்டி, மாத்தளை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்த ஆங்கிலேய நில அளவையாளர்களுக்கு அது பொத்திய கையின் விரல் மொளிகள் போலத் தெரிந்ததாம். சிங்களத்தில் அது தும்பர. இரண்டு மாவட்டத்தின் பெயரையும் எடுக்காததால் இரண்டு மாவட்டத்துக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது. மாறாக, 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்த பகுதியின் பெயர் “இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்”. நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு ஆகிய மூன்றும் அதற்குள் வருகின்றன. இங்கே “மத்திய” என்பது தீவின் நடுவில் எழும்பி நிற்கும் மேட்டுநிலத்தைச் சொல்கிறது, மாகாணத்தை அல்ல. ஆனால் காதில் விழுவதென்னவோ மாகாணம்தான். மலைக் காட்டின் ஒரு பகுதி சப்ரகமுவவில் இருக்கிறது என்று என் தோழி முறைப்பட்டால் நான் குறுக்கே பேசமாட்டேன்.

மாகாணக் கோடுகள் அவ்வளவு பழையவையும் அல்ல. ஆங்கிலேயர் 1833 இல் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தார்கள். சப்ரகமுவ தனி மாகாணமானது 1889 இல். அந்த மலைக்கோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயர்கள் இருந்தன. பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத, சமனல கந்த, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், எங்கள் உம்மும்மாவுக்குப் பாவாதம் மலை. 1344 இல் இங்கு வந்த இப்னு பதூதா மலையேறும் இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று பாபா வழி, அதாவது ஆதம் நபியின் வழி. மற்றது மாமா வழி, ஹவ்வா அம்மையாரின் வழி. மாமா வழி இலேசானது, இறங்கி வருவதற்கானது. அதில் ஏறிப் போனவரை யாத்திரை செய்தவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம்! முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களுக்காகக் கொடுத்த மானியங்களைச் சொல்லும் கல்வெட்டு எங்கள் பக்கத்து அம்பகமுவவில் இருக்கிறது. அதே மன்னன் யாத்திரிகர்களுக்கென ஒதுக்கிய கிலீமலை இரத்தினபுரிப் பக்கம். இரண்டு சரிவும் ஒரே மலைக்குச் சேவகம் செய்தன. அந்தப் பெயர்கள் எதிலும் மாகாணம் இல்லை. யார் ஏன் ஏறினார்கள் என்பதுதான் இருக்கிறது.

மனிதர்கள் வாழும் நிலத்துக்கும் இப்படிப் பெயர் உண்டு. தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த மலைகள் எல்லாம் “கண்டிச்சீமை”தான். ஹற்றனும் பதுளையும் அதற்குள் அடக்கம். இன்று நாம் “மலையகம்” என்கிறோம். அது மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் பரந்து கிடக்கிறது. நில அளவைத் திணைக்களம் அதற்கு ஒரு கோடும் கீறவில்லை. கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகச் சில்லறைக்கடை வைத்திருக்கும் எங்களைப் போன்ற முஸ்லிம்கள் அந்தச் சொல்லுக்குள் வருகிறோமா என்று வாப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். “எங்கட கடையில கடன் கொப்பி யாருட பேரில இருக்கு மகள்?” என்று திருப்பிக் கேட்டார். எல்லாம் தோட்டத்துப் பெயர்கள்.

சரி, பெயர்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று பெற்றோர் கேட்கலாம். எங்களைப் போன்ற மாணவிகளுக்கு அது வெறும் பெயராக இருப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும் பங்கு மாவட்ட அடிப்படையில் கொடுக்கப்படுகிறது. நுவரெலியா, கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. அதன் வெட்டுப்புள்ளி பொதுவாகக் கண்டியை விடக் குறைவு. வீடு எங்கே என்பதை விட, பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். நான் பத்தாம் தரத்திலிருந்து கம்பளையில் சாச்சி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். ஆகவே மழையில் வட்டவளைக்காரியாகவும் இசட் புள்ளியில் கண்டிக்காரியாகவும் இருக்கிறேன். அந்தக் கோட்டை எங்கே தாண்டுகிறேன் என்று தெரியாமலேயே அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது என் தோழி சிரிக்கவில்லை. அவளும் இரத்தினபுரியை விட்டு வந்தவள்தானே. அன்றைக்கு நாங்கள் படத்தில் மாகாணப் பெயரை அழித்துவிட்டு, மலை உச்சியில் ஒரு முக்கோணக் குறியும் 2243 என்ற எண்ணும் மட்டும் போட்டு ஆசிரியையிடம் கொடுத்தோம். “மாகாணம் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. அரைப் புள்ளி குறைந்தது, இருவருக்கும்.